வீடு பார்க்க வந்த சம்பந்தி

மூன்று வருடத்துக்கு முன்பு, கார்த்திகை மாதம். அடைமழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரைக்காலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு நானும் என் கணவரும் விடிந்ததிலிருந்து சாமான் சுமந்துகொண்டிருந்தோம். வீட்டுக்காரர் விரட்டிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் விரட்டவில்லை. நானாகத்தான் இழுத்துப்போட்டுக்கொண்டேன். எனக்கு அந்தப் பழக்கம் பிறவியிலிருந்தே உண்டு என்று என் கணவர் சொல்வார்.

நான் மன்னார்குடி பக்கம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் காரைக்காலுக்குக் குடிவந்தோம். சரக்கு மலிவான காரைக்காலில் வீடு என்றதும் என் கணவரின் சிநேகிதர்களுக்கெல்லாம் திடீரென்று எங்கள் மேல் பாசம் பொங்கியது தனிக்கதை. முதலில் தலத்தெருவில் ஒரு சின்ன வீடு பிடித்தோம். என் தொழில் சேலை விற்பது. கடை கிடையாது. போனை ஸ்டாண்டில் மாட்டி, சேலையை விரித்துக் காட்டி, நேரலையில் வளவளவென்று பேசி விற்பேன். தலத்தெரு வீட்டில் சேலையை முழுசாக விரித்தால் முந்தானை அடுப்படிக்குள் போய்விடும். ஒருநாள் நல்ல பட்டு ஒன்று சாம்பார் சட்டிக்குள் விழுந்தது. நான் கத்தியதையும் சேர்த்து நேரலையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய கூடமாக ஒரு வீடு வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது ஒரு அரண்மனை. மரைக்காயர் தெருக்களில் ஒன்றில், வாசலில் நான்கு படி ஏறி உள்ளே போனால் பெரிய கூடம். என் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள். கதவுகளுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்த வளைவுகள். மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் அந்தக் கண்ணாடி வழியாகத் தரையில் விழும். அந்த வெளிச்சத்தில் நூல் சேலைகூடப் பட்டு மாதிரி இருக்கும். அந்தக் கூடத்தின் புண்ணியத்தில் என் வியாபாரம் இரட்டிப்பானது. "தூணு அக்கா" என்றுதான் வாடிக்கைக்காரர்கள் என்னைக் கூப்பிடுவார்கள்.

வீடு ஒரு முஸ்லிம் அம்மாவுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர். தெருவில் எல்லோரும் அவரை லாத்தா என்பார்கள். அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். முன்கட்டையும் மாடியையும் எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அவரும் அவர் மகளும் பின்கட்டில் இருந்தார்கள். அவர்கள் போக வர பின்பக்கச் சந்தில் ஒரு வாசல் உண்டு.

அந்த வீட்டின் கதையை லாத்தா துண்டு துண்டாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய உம்மாவின் உம்மா, அந்தப் பாட்டியின் வாப்பாதான், அதாவது அப்பாதான், கட்டியவர். ரங்கூனுக்கும் சைகோனுக்கும் கப்பல் விட்ட மனிதர். தேக்கு பர்மாவிலிருந்து வந்ததாம். கூரை ஓடு பிரான்சிலிருந்து வந்ததாம். இதையெல்லாம் கொண்டுவந்து பார்த்துப் பார்த்துக் கட்டிய அந்த மனிதர், இந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை! மகளுக்காகக் கட்டினார். அவர் கடைசிவரை இருந்தது தன் மனைவியின் வீட்டில்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்களுக்குள் அப்படித்தான் வழக்கமாம். கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு எப்போதும் பெண்ணுக்கு. அதனால் அந்த வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்ததும் வேறு வீட்டு மாப்பிள்ளைகளாகப் போய்விடுவார்கள். லாத்தாவின் அண்ணன் ஒருவர் பாரிசில் இருக்கிறார், தம்பி ஒருவர் நாகூரில் பெண்சாதி வீட்டில் இருக்கிறார். வந்தால் விருந்தாளி மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போவார்களே தவிர, வீட்டில் எங்களுக்கு என்ன பங்கு என்று வாயெடுத்ததில்லை. கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் இரண்டு பெட்டியோடும் ஒரு சீர் பீரோவோடும் மன்னார்குடியை விட்டுக் கிளம்பியவள் இல்லையா.

ஆனால் பெண்ணுக்கு வீடு இருந்தால் போதுமா? அதைத் தாங்க வேண்டாமா? கப்பல் காலம் போய்விட்டது. லாத்தாவின் கணவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்து, சிறுநீரகம் பழுதாகித் திரும்பி வந்து காலமாகிவிட்டார். ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம் ஓடு சரியும். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று தரகர்கள் வந்து நின்றபோதெல்லாம் லாத்தா ஒரே பதிலைத்தான் சொன்னாராம். மகளுக்கு உள்ளதை நான் எப்படி விற்பது என்று. விற்காமல் காப்பாற்றத்தான் முன்கட்டை எங்களுக்கு விட்டார்.

மகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்தாள். அமைதியானவள் மாதிரி இருப்பாள், வாயைத் திறந்தால் சிரிப்பை அடக்க முடியாது. அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில மாதம் முன்பு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணைப் பிடித்தது, குடும்பத்தைப் பிடித்தது. மாப்பிள்ளை வந்து இருக்கப்போகும் வீடாயிற்றே என்று வீடு பார்க்க வந்தார்கள். லாத்தா பின்கட்டைக் காட்டினார். போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு அந்தப் பெண் கொஞ்ச நாள் என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை.

இரண்டாவதாகத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்குத் துபாயில் வேலை, விடுப்புக்கு ஊருக்கு வந்து போகிறவன். இவளும் அவனும் போனில் ஒரு தடவை பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது. இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், லாத்தா அடிக்கடி முன்கட்டுக்கு வந்து ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தூணைத் துடைத்தார் என்பதுதான். "சும்மாதான் தங்கச்சி, மழைக்குப் பூஞ்சை புடிச்சிரும்" என்பார். துடைப்பார். என் முகத்தைப் பார்ப்பார். பிறகு போய்விடுவார்.

கிணற்றடியில் துணி துவைக்கும்போது மகள்தான் போட்டு உடைத்தாள்.

"ஞாயித்துக்கெழம வீடு பாக்க வர்றாங்கக்கா. பெரிய வீடுன்னு தரகர் சொல்லிட்டாரு. ஒருநாளைக்கு முன்கட்டக் குடுங்கன்னு உம்மா உங்ககிட்ட கேக்கணும். வாய் வரல. வந்து வந்து தூணத் தொடச்சிட்டுத் திரும்பிடுறாங்க. இன்னும் ரெண்டு நாள் போனா தூணு தேஞ்சிடும்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. சொந்த வீட்டில் ஒருநாள் உட்கார என்னிடம் அனுமதி கேட்க வேண்டும், அதைக் கேட்கவும் நாக்கு எழவில்லை. எப்பேர்ப்பட்ட நிலைமை! ஈரக்கையோடு நேராக லாத்தாவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முன்கட்டு, நாங்கள் பின்கட்டு, பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என் ஈரக்கையைப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யோசிச்சுத்தான் பேசுறியா? இந்தக் கல்யாணம் கூடி வந்துச்சுன்னா மாப்ளைக்கு முன்கட்டு வேணும். அப்பறம் நம்ம எங்க இருக்கறது? உன் சேலைக்கு எந்தத் தூணு?"

நான் யோசித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு யோசித்தேன். ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்க முடியுமா? வந்து பிரிட்ஜைப் பிடியுங்கள் என்றேன்.

பிரிட்ஜ், டிவி, கட்டில் எல்லாம் பின்கட்டுக்குப் போயின. மாடியில் ஒரு அறை உண்டு. அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அதுதான் அறை. நாங்கள் அதைச் சேலை மூட்டை அடுக்கும் இடமாக வைத்திருந்தோம். மூட்டை மூட்டையாக இறக்கினோம். வாசலில் கோலமாவு டப்பாவோடு போய் நின்றுவிட்டு, இன்றைக்குப் போடக்கூடாது என்று ஞாபகம் வந்து திரும்பினேன். பூஜை அலமாரிதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சாமி படங்களை எடுத்து எங்கே வைப்பது? லாத்தா அதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "அதுகளத் தொடாதீங்க தங்கச்சி. வெளக்கு ஏத்தி, கும்புட்டு முடிச்சிட்டுக் கதவ மட்டும் சாத்துங்க போதும்" என்றார். அப்படியே செய்தேன்.

அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக லாத்தாவின் பின்கட்டு அறைக்குள் காலை வைத்தேன். அதுவரை அடுப்படி வாசலோடு நின்று பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். உள்ளே ஒரே அறை. மேலே தகரம். கார்த்திகை மாதத்திலேயே புழுக்கம் தாங்கவில்லை, சித்திரையில் எப்படி இருப்பார்களோ. ஒழுகுகிற இடத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, அதன் பக்கத்தில் மகளின் புத்தகங்கள் பாலித்தீனில் சுற்றி. ஒரு கட்டில். இரண்டு பேரில் ஒருவர் தரையில்தான் படுக்க வேண்டும். அந்தப் பக்கம் கூடத்தில் நான் சேலையை வீசி விரித்து ஆடிக்கொண்டிருந்தபோதெல்லாம் இந்தப் பக்கம் இப்படித்தான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் பிரிட்ஜை ஒழுகாத மூலையாகப் பார்த்துத் தள்ளினார்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் அக்கா, தாய்மாமா. நாகூரிலிருந்து வந்திருந்த லாத்தாவின் தம்பி வாசலுக்குப் போய் வரவேற்றார். தாய்மாமா நுழைந்ததிலிருந்து கழுத்தை அண்ணாந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். அக்காக்காரி என் வயதுக்காரி, கலகலப்பானவள், கையில் போன். அம்மா ஒல்லியாக, வெள்ளைத் துப்பட்டியால் தலையைப் போர்த்திக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாயவே இல்லை. ரவையில் செய்த தம்ரூட் இனிப்பை எடுத்து நீட்டியபோது விரலால் தொட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டார். ராங்கிக்காரி போலிருக்கிறது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் ஏன் அங்கே இருந்தேன் என்றால், பரிமாற ஆள் வேண்டும் என்று வலுவில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண் என்று பேச்சு. மகள் தலையைக் குனிந்து வந்து ஸலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் டீத் தட்டோடு அக்காக்காரியின் முன்னால் குனிந்து, "சர்க்கரை போதுமா பாருங்க" என்றேன்.

அவள் கோப்பையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தூணைப் பார்த்தாள். மேலே கண்ணாடி வளைவைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அல்லாவே! நீங்க தூணு அக்காதானே? உள்ள வந்ததுலேருந்து இந்தக் கூடத்த எங்கயோ பாத்திருக்கமேன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். கொரலக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு. உங்ககிட்ட ரெண்டு சேல வாங்கியிருக்கேங்க்கா!"

கோலத்தை மறந்தேனா? இல்லை. சாமி அலமாரியை மறந்தேனா? இல்லை. செருப்புகளைக்கூட எடுத்து ஒளித்தேன். ஆனால் தினமும் ஊர் உலகத்துக்கே அந்தக் கூடத்தைப் போட்டுக் காட்டி, 'எங்க வீட்டுத் தூணப் பாருங்க, எங்க வீட்டு வெளிச்சத்தப் பாருங்க' என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான் என்பது அந்த நிமிடம் வரை என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அக்காக்காரி பாவம், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்டாள். "அப்ப இது உங்க வீடா?" என்றாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே என்னவோ தப்பாகிவிட்டது என்று புரிந்து, தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தாய்மாமா கூரையை விட்டுக் கண்ணை இறக்கி எங்கள் பக்கம் திருப்பினார்.

பேசியே பிழைக்கிறவள் நான். ஒரு நொடியில் பொய் ஒன்று தயாராக வந்தது. வீடு லாத்தாவுடையது, நான் சும்மா சாயங்காலம் சாயங்காலம் வந்து கூடத்தில் வீடியோ எடுத்துக்கொண்டு போகிறேன், லாத்தா பெரிய மனது பண்ணி விட்டிருக்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள். தாய்மாமா "அதானே பாத்தேன்" என்றார். லாத்தாவின் தம்பி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்பாடா, பிழைத்தோம் என்று தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"இல்ல" என்றார் லாத்தா.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"தங்கச்சி எனக்காவ சொல்லுது. வீடு என்னுதுதான், நாளைக்கு எம்மவளுதுதான். ஆனா இந்த முன்கட்டுல வாடகைக்கு இருக்கறது அவங்க. நானும் மவளும் பின்னாடி ஒரு ரூம்ல இருக்கோம். உங்க புள்ள வந்தா இப்பத்திக்கு அங்கதான் இருக்கணும். வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

மகளைப் பார்த்தேன். அவள் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. முதலில் வந்தவர்கள் எந்த அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களோ, அதே அறைக்கு இவர்களையும் அழைத்துக்கொண்டு போகிறாரே, இந்தப் பெண்ணின் கதி என்ன என்று எனக்குக் கதறலாம் போல இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். லாத்தாவுக்குப் பின்னால் நடந்தார். நாங்களும் போனோம். அங்கே என் கணவர் பிரிட்ஜுக்கும் சேலை மூட்டைகளுக்கும் நடுவில், இடமில்லாமல் டிவியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். இத்தனை பேரைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் முடியாமல், டிவியை இறக்கவும் முடியாமல், பழத்தோடு கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அந்த அம்மா அறையைச் சுற்றிலும் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பாலித்தீனில் சுற்றிய புத்தகங்களைப் பார்த்தார். பிறகு வாசலோரம் கிடந்த பாயில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று மகளிடம் கேட்டார். குடித்தார். ஸலாம் சொன்னார்கள், கிளம்பிவிட்டார்கள். தாய்மாமா கார் கதவைச் சாத்துமுன், "சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

சாமான்களைத் திரும்ப முன்கட்டுக்குச் சுமந்தோம். எனக்கு லாத்தா மேல் கோபம் கோபமாக வந்தது. அடக்க முடியாமல் கேட்டே விட்டேன், நான்தான் சமாளித்துவிட்டேனே, நீங்கள் ஏன் கெடுத்தீர்கள் என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நல்லாத்தான் சமாளிச்சீங்க. ஆனா அந்தப் புள்ள இங்கதானே வந்து படுத்து எந்திரிக்கப் போவுது? வந்த மொத நாளே, ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டு எம்மவ மூஞ்சியப் பாக்கவா?"

நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அடுத்த சில நாள் என்னால் நேரலை போட முடியவில்லை. போனை மாட்டுவேன், தூணைப் பார்த்ததும் கழற்றிவிடுவேன். மகள் வழக்கம் போல வேலைக்குப் போய் வந்தாள். லாத்தா தூணைத் துடைக்க வரவில்லை. வீடே தலை கவிழ்ந்து கிடந்தது. காரியத்தைக் கெடுத்தது என் வாய்தான், என் வீடியோதான் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. என் கணவர்கூட என்னைக் கேலி பண்ணவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வியாபார நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. யாரோ வாடிக்கைக்காரி சேலை கேட்கிறாள் என்று அசிரத்தையாகத் திறந்தேன். 'தூணு அக்கா, நிக்காஹுக்குச் சேலை எடுக்கணும். உங்க வீட்டுப் பின்னாடி ஒரு பொண்ணு இருக்கில்ல, அதுக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க. என் தம்பி கேட்கச் சொன்னான்.'

இரண்டு தடவை படித்தேன். அப்புறம் ஓடினேன். கூடத்தைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, வழியில் கிடந்த துணி வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டு ஓடினேன். லாத்தா தொழுது முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வார்த்தை வரவில்லை. என்றைக்காவது எனக்கு வார்த்தை வராமல் போயிருக்கிறதா? போனை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சுருட்டின பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது கலர அதுகிட்டயே கேளுங்க தங்கச்சி, நான் சொன்னா சண்டைக்கு வரும்" என்றார்.

நிக்காஹ் அந்தக் கூடத்திலேயே நடந்தது. மாடி அறையை நான் ஒழித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை அறை மாப்பிள்ளைக்கே போயிற்று. நாங்கள் காலி செய்கிறோம் என்று சொன்னதற்கு லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. பின்கட்டுத் தகரத்தை எடுத்துவிட்டு ஓடு மாற்றினார்கள். கூடம் இரண்டு குடும்பத்துக்கும் பொது என்று ஆனது.

கல்யாணத்தன்று எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த நேரம், மாப்பிள்ளையின் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு ராங்கிக்காரி என்று நினைத்தேனே, அந்த அம்மாவா இவர் என்று இருந்தது. அவ்வளவு பேசினார். பேச்சுவாக்கில், அந்தப் பின்கட்டைப் பார்த்த பிறகும் எப்படிச் சம்மதித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"அன்னைக்கு இந்தக் கூடத்துக்குள்ள வந்ததும் எனக்கு அடிவயிறே கலங்கிப் போச்சு தங்கச்சி. எங்க வீடு ரெண்டு ரூமு. எம்மவன் கூச்சப்படுற புள்ள. இம்மாம் பெரிய வீட்டுல, இந்தத் தூணுக்கு நடுவுல, பசிச்சா வாயத் தொறந்து ஒரு வாய் சோறு கேப்பானா? ஒரு டீ கேப்பானா? எப்படி இங்க கொண்டாந்து வுட்டுட்டுப் போறதுன்னு இருந்துச்சு. வேணாம்னு சொல்லிடலாம்னுதான் உக்காந்திருந்தேன். அந்தப் பின்னாடி ரூமப் பாத்த பொறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. இவங்களும் நம்மளாட்டம்தான், எம்மவன் இங்க பொழச்சிக்குவான்னு தெரிஞ்சுச்சு."

நாங்கள் பிரிட்ஜைச் சுமந்து, கோலம் போடாமல் விட்டு, பாடுபட்டு எதைக் காட்டினோமோ அதுதான் அந்த அம்மாவை விரட்டப் பார்த்திருக்கிறது. எதை மறைத்தோமோ அதுதான் அவரை உட்கார வைத்திருக்கிறது. லாத்தா அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், என் கெட்டிக்காரத்தனம் அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கும்.

சாயங்காலம் கார் வந்தது. மகனை அந்த வீட்டில் விட்டுவிட்டு அந்த அம்மா கிளம்பினார். நேராக வாசலுக்குப் போகாமல் அடுப்படிக்குப் போய், டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவ்வளவுதான், எனக்குத் தாங்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கு என் அம்மாவும் இதேபோல என் மாமியார் வீட்டு அடுப்படிக்குள் சத்தமில்லாமல் நுழைந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் எதைத் தேடினாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, தெரிந்தபோது அவள் இல்லை.

இப்போதும் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் ஓட்டையையும் உடைசலையும் எடுத்து ஒளித்து வைக்கத்தான் முதலில் கை போகிறது. ஆனால் வருகிறவர் நம்மிடம் எதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுவார் என்று நமக்கு எப்படித் தெரியும் என்ற நினைப்பு வந்ததும், போன கை அப்படியே நின்றுவிடுகிறது.